காருக்கு எதற்கு வாதம்?

அக்கா மகன் போன வாரம் தன் போனை என் மூக்குக்கு நேரே நீட்டி, "மாமா, இது என்ன எழுத்து?" என்றான். கார்ப் பந்தய விளையாட்டு ஒன்று. மெனு தமிழில் இருந்தது. ஒரு பொத்தானில் 'யதார்த்தவா...' என்று போட்டிருந்தார்கள். மிச்சம் கட்டத்துக்குள் அடங்காததால் புள்ளி வைத்து முடித்துவிட்டார்கள். யாரோ யதார்த்தனை 'வா' என்று கூப்பிடுகிற மாதிரி இருந்தது. தொட்டுப் பார்த்தால் உள்ளே 'யதார்த்தவாதம்: உயர்' என்று நின்றது.

எனக்கு வயிறு எரிந்ததற்குத் தனிக் காரணம் உண்டு. இரண்டு வருஷத்துக்கு முன்னால், ராமேஸ்வரத்துக்குப் பக்கத்தில் மண்டபம் ஊரில் இருக்கும் இதே வீட்டு மாடியில் உட்கார்ந்து, வரிக்கு இவ்வளவு என்ற கூலிக்கு ஒரு நிறுவனத்தின் பந்தய விளையாட்டை மொழிபெயர்த்துக் கொடுத்தேன். 'ரியலிசம்' வந்த இடத்தில் 'மெய்ம்மை' என்று போட்டிருந்தேன். திரும்பி வந்த கோப்பில் அதை அடித்துவிட்டு 'யதார்த்தவாதம்' என்று எழுதி, ஓரத்தில் 'அகராதிப்படி திருத்தப்பட்டது' என்று ஒரு குறிப்பு வேறு. அன்றிலிருந்து எந்தக் காணொளி விமர்சனத்தைத் திறந்தாலும் 'காட்சி யதார்த்தவாதம்', 'இயற்பியல் யதார்த்தவாதம்'. கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

சொல்லின் பிறப்பைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். 'ரியல்' என்பதன் வேர் லத்தீனில் 'ரெஸ்', அதாவது பொருள். 'யதார்த்தம்' வடமொழி: யதா என்றால் எப்படியோ அப்படி, அர்த்தம் என்றால் பொருள். பொருள் எப்படியோ அப்படியே. இரண்டுக்கும் அடியில் பொருள்தான் கிடக்கிறது. நம்மிடமும் 'மெய்ப்பொருள்' இருக்கிறது. 'மெய்ப்பொருள் காண்ப தறிவு' என்று இரண்டு குறள்கள் முடிகின்றன. வேரைப் பொறுத்தவரை யாரோடும் சண்டை இல்லை. சண்டை வால் பற்றியது.

'இசம்' என்று முடிந்தாலே 'வாதம்' என்று ஒட்டவைக்கிற பழக்கம் ஒன்று வந்துவிட்டது. கம்யூனிசம், பெண்ணியம் போல இதுவும் ஒரு கொள்கை என்று நினைத்துவிடுகிறார்கள். இலக்கியத்தில் யதார்த்தவாதம் என்பது கொள்கைதான். இப்படி எழுத வேண்டும், அப்படி எழுதக் கூடாது என்று வாதாடுகிற ஒரு போக்கு. அங்கே அந்தச் சொல் சௌக்கியமாக இருக்கட்டும். பந்தய விளையாட்டில் கார் எந்தக் கொள்கைக்காகவும் வாதாடவில்லை. வளைவில் நிஜக் கார் போல நடந்துகொள்கிறதா இல்லையா, அவ்வளவுதான் கேள்வி. எங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் 'இந்தக் காருக்கு வாதம் உயர்ந்திருக்கு' என்று சொன்னால், முடக்கத்தான் ரசம் வைத்துக் கொடு என்பார்கள்.

அதைவிடப் பெரிய சங்கடம் பேச்சு வழக்கில். 'எதார்த்தமா பஸ் ஸ்டாண்டுல பார்த்தேன்' என்றால் தற்செயலாகப் பார்த்தேன் என்று பொருள். 'எதார்த்தமா சொன்னேன், தப்பா எடுத்துக்காதீங்க' என்றால் உள்ளே எதையும் வைத்துக்கொண்டு சொல்லவில்லை என்று பொருள். 'யதார்த்தவாதி வெகுஜன விரோதி' என்ற பழமொழியில் யதார்த்தவாதி, மனத்தில் பட்டதைப் பட்டென்று சொல்லி ஊரைப் பகைத்துக்கொள்கிறவன். இவ்வளவும் தமிழ் காதில் ஏறிக் கிடக்கும்போது 'யதார்த்தமாக ஓடும் கார்' என்றால் என்ன தோன்றும்? எனக்கு, ஹேண்ட் பிரேக் போடாமல் சரிவில் நிறுத்தி, அது பாட்டுக்கு உருண்டு போகிற கார்தான் தோன்றும்.

சரி, மற்றவர்கள் என்ன போடுகிறார்கள் என்று பார்த்தால் அதுவும் வேடிக்கைதான். விமர்சன நூல்களில் இருந்து 'நடப்பியல்' என்று ஒருவர் எடுத்துவந்தார். 'இயற்பியல் நடப்பியல்' என்று சேர்த்துச் சொல்லிப் பாருங்கள், கல்லூரியில் இரண்டு பாடத்தில் அரியர் வைத்தவன் பேசுகிற மாதிரி இருக்கும். இன்னொருவர் 'உண்மைத்தன்மை' என்றார். அந்தச் சொல்லை அரசு அலுவலகங்கள் எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டன. சாதிச் சான்றிதழுக்கும் மதிப்பெண் பட்டியலுக்கும்தான் உண்மைத்தன்மை கேட்பார்கள்.

இவற்றில் அழகான தவறு 'மெய்நிகர்'. சொல்லுக்குச் சொல் பிரித்தால் மெய்க்கு நிகரானது, நமக்கு வேண்டியதே அதுதான். ஆனால் அதைக் கொண்டுபோய் 'விர்ச்சுவல்' என்பதற்குப் பூட்டிவிட்டார்கள். நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் வருகிற அதே நிகர். இனி மெய்நிகர் என்றால் எல்லோருக்கும் கண்ணில் மாட்டிக்கொள்ளும் அந்தப் பெட்டிதான் நினைவுக்கு வரும். போன பிள்ளையைக் கூப்பிட்டுப் பயனில்லை.

இவர்கள் எல்லோரும் இன்னொன்றையும் கவனிப்பதில்லை. பந்தய விளையாட்டில் ரியலிசம் ஒன்றல்ல, இரண்டு. கண்ணுக்கு ஒன்று, கைக்கு ஒன்று. நனைந்த தாரில் எதிரே வரும் விளக்கு பளபளப்பது, பானெட்டில் மேகம் ஓடுவது எல்லாம் கண் சங்கதி. வண்டி எங்கே வழுக்கும், எவ்வளவு பிரேக்கில் சக்கரம் உருளாமல் நிற்கும் என்பது கை சங்கதி. இரண்டும் ஒரே கணினியின் சக்தியைப் பங்குபோட்டுத் தின்பவை. 'ரியல் டிரைவிங் சிமுலேட்டர்' என்று 1997 முதல் தன்னைச் சொல்லிக்கொள்ளும் கிரான் டூரிஸ்மோ தொடரில், ஏழாவது 2022-இல் வந்தபோது ஒளிக்கதிர்களைப் பின்தொடர்ந்து கணக்கிடும் அந்த உயர்ரகப் பிரதிபலிப்பு ஓடி முடித்ததைத் திரும்பக் காட்டும் ரீப்ளே, கார்களை நிறுத்திப் பார்க்கும் கராஜ் போன்ற இடங்களில்தான் இருந்தது, ஓட்டும்போது கிடையாது. படம் நொடிக்கு 60 முறை மாறினால் போதும், கண் திருப்தியாகிவிடும். சக்கரக் கணக்கை நொடிக்கு 300 முறைக்கு மேல் போடுகிற விளையாட்டுகள் உண்டு. கையை ஏமாற்றுவது அவ்வளவு கஷ்டம்.

இதை எனக்குப் புரியவைத்தது தனுஷ்கோடி ரோடு. முகுந்தராயர் சத்திரத்தைத் தாண்டி அரிச்சல்முனை வரைக்கும் தார் ரோடு திறந்தது 2017-இல். அதுவரை மணலில் உறுமிக்கொண்டு போகும் வேன்கள்தான். இப்போது ரோடு இருக்கிறது, ஆனால் மணல் தன் உரிமையை விடவில்லை. கச்சான் காற்று எழுந்துவிட்டால் தெற்கே ஆண்கடல் பக்கமிருந்து மணலை வாரி ரோட்டில் விரித்துவிடும். போன ஆடியில் அத்தானின் ஆம்னியில் நானும் அக்கா மகனும் போனோம். கடைசி ரவுண்டானாவில் ஸ்டேரிங்கை ஒடித்தேன். சக்கரம் திரும்பியது, வண்டி திரும்பவில்லை, நேரே போனது. அதைவிட, ஒடித்த கையில் கனமே இல்லை. அதுவரை முரண்டு பிடித்துக்கொண்டிருந்த ஸ்டேரிங் திடீரென்று வெண்ணெயில் விரல் விட்டதுபோல லேசாகிவிட்டது. வேகம் குறைவாக இருந்ததால் மணல் திட்டில் ஏறி நின்றோம். பக்கத்தில் இருந்தவன் பதறவே இல்லை. "அண்டர்ஸ்டியர், மாமா. லேசாகும்போதே ஸ்டேரிங்கைக் கொஞ்சம் நேராக்கி விட்டிருக்கணும்" என்றான். பதினேழு வயது, லைசென்ஸ் கிடையாது.

வீட்டில் அவனிடம் விளையாட்டுக்கான ஒரு பழைய ஸ்டேரிங் செட் இருக்கிறது, கைக்குக் கனம் காட்ட உள்ளே மோட்டார் வைத்தது. அன்று ராத்திரி உட்கார்ந்து ஓட்டிப் பார்த்தேன். அதே வெண்ணெய். முன்சக்கரம் பிடி விடுவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே கையில் கனம் குறைகிறது. தரையைத் தொடும் டயர்ப் பரப்பு ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவுதான். டயர் நோக்கும் திசைக்கும் அது உண்மையில் போகிற திசைக்கும் இடையே சிறு கோணம் விழும். கோணம் கூடக் கூடப் பிடி கூடி, ஓர் உச்சம் தொட்டு, பிறகு இறங்கும். இந்த வளைகோட்டுக்கு டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்தின் ஹான்ஸ் பசேக்கா கொடுத்த சமன்பாட்டுக்குப் பெயரே 'மேஜிக் ஃபார்முலா'. ஏன் இந்த வடிவம் என்று அடியிலிருந்து காரணம் சொல்லி வந்த சூத்திரமல்ல அது. டயரை அளந்து பார்த்த எண்களோடு கச்சிதமாகப் பொருந்துகிறது, அதனால் வைத்துக்கொண்டார்கள். இதில் வாதம் எங்கே வந்தது?

ஆகவே கண் சங்கதிக்கு 'தத்ரூபம்' போதும். தத் என்றால் அது, ரூபம் என்றால் உருவம்: அந்த உருவமே. கோயில் குதிரைச் சிலையைப் பார்த்தும், ஸ்டூடியோவில் வரைந்த தாத்தா படத்தைப் பார்த்தும் நம் ஜனம் சொல்கிற சொல். வடமொழி ஆயிற்றே என்று என் தனித்தமிழ் நண்பர் ஒருவர் முகம் சுளிப்பார். அவர் மாற்றாகத் தரும் 'நிஜம்' மட்டும் எங்கிருந்து வந்ததாம்? அதுவும் வடமொழிதான், அங்கே அதற்கு 'தன்னுடைய' என்றுதான் பொருள். எனக்குத் தூய்மையைவிடத் தெளிவு முக்கியம். தத்ரூபம் உருவத்தைத் தாண்டி எதையும் கேட்காது. 'தத்ரூபமான பிரேக்' என்று யாரும் உளற முடியாது. அந்தச் சொல்லே விடாது.

கை சங்கதிக்கு 'மெய்ம்மை'. பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியர் சொல்லிக் கொடுத்ததுதான்: உள்ளத்தால் உண்மை, வாயால் வாய்மை, மெய்யால் மெய்ம்மை. மெய் என்றால் உண்மை, மெய் என்றால் உடம்பு. மெய், வாய், கண், மூக்கு, செவி என்று ஐம்பொறிகளை எண்ணும்போது தொட்டு அறிகிற பொறிக்கும் அதுவே பெயர். ஸ்டேரிங்கில் கனம் குறைந்ததை என் கண் பார்க்கவில்லை, மெய் அறிந்தது. சில விளையாட்டுகளில் நிஜப் பந்தயத் தடத்தை லேசரால் அளந்து, கண்ணுக்கே தெரியாத மேடு பள்ளத்தையும் கணக்கில் சேர்க்கிறார்கள். படத்தில் அது தெரியாது, மணிக்கட்டில் தெரியும். இதற்கு இதைவிடப் பொருத்தமாக எந்த மொழியில் சொல் கிடைக்கும் என்று எனக்குத் தெரியவில்லை.

'மெய்ம்மை யாருக்குப் புரியும்?' என்று அந்த நிறுவனத்தில் கேட்டார்கள். யதார்த்தவாதம் மட்டும் யாருக்குப் புரிந்ததாம்? அக்கா மகனே என்னிடம்தானே தூக்கிக்கொண்டு வந்தான். அப்புறம் ஒரு சோதனை செய்து பார்த்தேன். அவன் போனில் அந்தப் பொத்தான் அளவுக்கே ஒரு கட்டம் போட்டு 'மெய்ம்மை' என்று தட்டினேன். முழுசாக அடங்கியது. பக்கத்தில் 'உயர்' போடவும் இடம் இருந்தது.