சத்தம் கேட்டதும் செயினை இறுக்காதீர்கள்

“செயின் சத்தம் போடுது, கொஞ்சம் டைட் வெச்சு விடுங்க.” பட்டறையில் நான் அதிகம் கேட்கும் வாக்கியம் இதுதான். பெரும்பாலும் புதிதாக பைக் ஓட்டத் தொடங்கியவர்கள்தான் இப்படிச் சொல்வார்கள். சத்தம் வந்தால் லூஸ், லூஸ் என்றால் இறுக்கணும் என்பது அவர்கள் கணக்கு. குனிந்து பார்த்தால் பல நேரம் அந்தச் செயின் லூஸாகவே இருக்காது. எண்ணெய் வற்றி, வெளுத்து, கண்ணிகளில் துரு ஏறியிருக்கும். அதை இறுக்கிக் கொடுத்தால் சத்தம் சில நாள் அடங்கும், பிறகு முன்பைவிட மோசமாகத் திரும்பி வரும்.

செயினில் தொய்வு இருப்பது குறை இல்லை. அது வேண்டுமென்றே விடப்பட்ட இடம். பள்ளத்தில் இறங்கி ஏறும்போது பின்சக்கரம் அதைத் தாங்கும் ஸ்விங்ஆர்ம் என்ற கையோடு சேர்ந்து மேலும் கீழும் போகிறது. அந்த ஸ்விங்ஆர்ம் சுழலும் மையம் ஓரிடத்தில் இருக்கிறது, செயினை இழுக்கும் முன் ஸ்ப்ராக்கெட் (பல்சக்கரம்) அதற்குச் சற்று முன்னால் இருக்கிறது. இரண்டும் ஒரே இடத்தில் இல்லாததால், சக்கரம் ஆட ஆட முன் ஸ்ப்ராக்கெட்டுக்கும் பின் ஸ்ப்ராக்கெட்டுக்கும் உள்ள தூரம் மாறிக்கொண்டே இருக்கும். முன் ஸ்ப்ராக்கெட், ஸ்விங்ஆர்ம் மையம், பின் ஆக்சில் (சக்கர அச்சு) மூன்றும் ஒரே கோட்டில் வரும்போது தூரம் உச்சத்தில் இருக்கும். பின்னால் ஒருவரை ஏற்றிக்கொண்டு வேகத்தடையில் இறங்கும் கணம் அப்படிப்பட்டது. ஸ்டாண்டில் நிற்கும்போதே விறைப்பாக இருக்கும் செயினுக்கு அந்தக் கணத்தில் நீள இடமே கிடையாது. இழுவை முழுவதும் கியர்பாக்ஸ் ஷாஃப்ட்டின் பேரிங் மீதும் பின்சக்கர பேரிங் மீதும் விழும். முன் ஸ்ப்ராக்கெட் பக்கம் ஆயில் கசிகிறது என்று வரும் வண்டிகளில் ஆயில் சீலை (கசிவைத் தடுக்கும் வளையம்) மட்டும் பார்க்காமல் செயினையும் தொட்டுப் பார்ப்பேன். கம்பி மாதிரி நிற்பதும் உண்டு.

அதற்காக லூஸாக விட்டால் பரவாயில்லை என்று அர்த்தம் இல்லை. அளவு மீறித் தொங்கும் செயின் ஸ்ப்ராக்கெட்டை விட்டுக் கழன்று, பின்சக்கரத்தைப் பூட்டிவிடலாம். முன்பக்கம் சுருட்டிக்கொண்டு என்ஜின் உறையையே உடைக்கவும் செய்யும். ஆனால் லூஸ் செயின் கவரில் அடித்து, கியர் போடும்போது உதறி, தன்னை முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும். அதிகமாக இறுக்கியது அப்படி இல்லை. பேரிங் போகும்வரை ஓட்டுபவருக்குத் தெரியாமலே இருந்துவிடும்.

செயினைத் தொடுவதற்கு முன் ஒரு விஷயம். என்ஜின் ஆஃப், சாவி கையில், கியர் நியூட்ரலில். சென்டர் ஸ்டாண்டில் ஏற்றி, முதல் கியரில் ஓடவிட்டு, சுழலும் செயினில் துணியைப் பிடித்துத் துடைக்கும் பழக்கத்தைப் பல வீடியோக்களில் பார்க்கிறேன். வேலை சீக்கிரம் முடியும் என்பது உண்மைதான். துணியின் ஒரு நூல் பல்லில் சிக்கினால் கையும் கூடவே போகும், விரல் துண்டாவதற்கு ஐடில் வேகமே போதும். சக்கரத்தைக் கையால்தான் சுற்ற வேண்டும், அதுவும் பின்னோக்கி. அப்படிச் சுற்றினால் கீழ்ப்பக்கச் செயின் பின் ஸ்ப்ராக்கெட்டை விட்டு விலகி ஓடும், விரல் உள்ளே இழுபடாது. சென்டர் ஸ்டாண்ட் இல்லாத வண்டி என்றால் கொஞ்சம் கொஞ்சமாக உருட்டிச் செய்யலாம். நேரம் பிடிக்கும், பிடிக்கட்டும்.

சரி, தொய்வை எப்படி அளப்பது? ஸ்விங்ஆர்மில் அல்லது செயின் கவரில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பாருங்கள், இல்லையென்றால் கையேட்டில் இருக்கும். சாதாரண பைக்குகளுக்குப் பெரும்பாலும் 20 முதல் 30 மி.மீ., சஸ்பென்ஷன் அதிகம் ஏறி இறங்கும் வண்டிகளுக்கு அதைவிடக் கூடுதல். சைடு ஸ்டாண்டிலா, சென்டர் ஸ்டாண்டிலா என்பதும் அதே இடத்தில் எழுதியிருக்கும், அதை மாற்றினால் அளவும் மாறும். இரண்டு ஸ்ப்ராக்கெட்டுக்கும் நடுவில், கீழ்ப்பக்கச் செயினை விரலால் மேலே தள்ளி, பிறகு கீழே இழுத்து, மொத்தம் எவ்வளவு நகர்கிறது என்று ஸ்கேல் வைத்துப் பாருங்கள். ஓரிடத்தில் அளந்து நிறுத்திவிடாதீர்கள். சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி நாலைந்து இடத்தில் பார்க்கணும், ஏனென்றால் ஓடிய செயின் எல்லா இடத்திலும் ஒரே அளவில் தேய்வதில்லை. அளவை வைப்பது மிக விறைப்பாக இருக்கும் இடத்தில். லூஸான இடத்தைப் பார்த்து இறுக்கினால், விறைப்பான இடம் வரும்போதெல்லாம் பேரிங் அடிவாங்கும். ஓரிடத்தில் விறைப்பு, இன்னோர் இடத்தில் தொங்கல் என்று வித்தியாசம் பெரிதாக இருந்தால் அதைச் சரிப்படுத்த ஸ்பேனரால் முடியாது, செயின் முடிந்துவிட்டது.

இப்போது எண்ணெய். சத்தத்தோடு வரும் வண்டிகளில் நிறைய இதிலேயே சரியாகிவிடும். செயின் கண்ணிக்குள் ஒரு பின் (சிறு இரும்பு ஊசி), அதைச் சுற்றி ஒரு புஷ், அதன் மேல் உருளும் ரோலர். தேய்மானம் பின்னுக்கும் புஷ்ஷுக்கும் நடுவில்தான் நடக்கிறது. ஓ-ரிங் செயின்களில் அந்த இடத்தில் கிரீஸ் வைத்து இருபுறமும் ரப்பர் வளையத்தால் அடைத்திருப்பார்கள். “அப்படியென்றால் எண்ணெயே வேண்டாமே” என்று சிலர் விட்டுவிடுகிறார்கள். வேண்டும். ரோலர் ஸ்ப்ராக்கெட்டில் வந்து உட்காரும் இடத்துக்கும், துரு பிடிக்காமல் இருப்பதற்கும், அந்த ரப்பர் காய்ந்து வெடிக்காமல் இருப்பதற்கும் வேண்டும்.

முதலில் அழுக்கை எடுங்கள். பழைய எண்ணெயும் தூசியும் சேர்ந்த கறுப்புப் பசை மேல் புது எண்ணெய் ஊற்றுவது, உப்புத்தாளை நனைத்துத் தேய்ப்பது போலத்தான். மண்ணெண்ணெய் அல்லது செயினுக்கென்றே விற்கும் கிளீனர், ஒரு மென்மையான பிரஷ், பழைய துணி போதும். பெட்ரோல் வேண்டாம், ஓ-ரிங்கைக் கெடுக்கும், தீப்பற்றும் அபாயம் தனி. கம்பி பிரஷ் அந்த ரப்பரைக் கிழித்துவிடும். வாட்டர் வாஷில் அழுத்தத் தண்ணீரைச் செயினுக்கு நேராக அடிக்கச் சொல்லாதீர்கள், வளையத்தைத் தாண்டித் தண்ணீர் உள்ளே போனால் கிரீஸ் திரும்பி வராது.

நன்றாகத் துடைத்துக் காயவிட்ட பிறகு எண்ணெய். கையேடு அனுமதித்தால் 90 கிரேடு கியர் ஆயில், அல்லது ஓ-ரிங்குக்கு ஏற்றது என்று எழுதியிருக்கும் செயின் ஸ்ப்ரே. என்ஜினிலிருந்து இறக்கிய பழைய ஆயிலை ஊற்றும் வழக்கம் எனக்குப் பிடிக்காது, என் தொழில்காரர்களே செய்தாலும் சரி. அதில் மிதப்பது உலோகத் துகளும் கரியும்தான். கெட்டி கிரீஸும் வேண்டாம், கண்ணிக்குள் இறங்காமல் வெளியே நின்று மண்ணைச் சேர்க்கும். துரு இளக்கும் ஸ்ப்ரே மெல்லியது, ஓடத் தொடங்கியதும் தெறித்துப் போய்விடும்.

ஊற்ற வேண்டியது கீழ்ப்பக்கச் செயினின் உட்புறத்தில், அதாவது ஸ்ப்ராக்கெட் பல்லைத் தொடும் பக்கத்தில். ஓடும்போது சுழற்சி அதை உள்ளிருந்து வெளியே தள்ளும், தானாகவே கண்ணி முழுக்கப் பரவும். வெளியே ஊற்றினால் ரிம்மில்தான் போய்ச் சேரும். வண்டி ஓட்டி முடித்து வந்த பிறகு, செயின் வெதுவெதுப்பாக இருக்கும்போது செய்தால் நன்றாக இறங்கும். இரவு அப்படியே நிற்கட்டும், காலையில் மேலே வழிந்திருப்பதைத் துடைத்துவிட்டு எடுங்கள். டயரிலோ பின் டிஸ்க்கிலோ ஒரு சொட்டுகூட இருக்கக் கூடாது. சுமார் 500 கி.மீ.க்கு ஒருமுறை இதைச் செய்யலாம். மழையில் ஊற ஓட்டினால் கணக்குப் பார்க்காமல் அன்றைக்கே.

உண்மையிலேயே லூஸாக இருந்து இறுக்கினால், ஆக்சில் நட்டைத் தளர்த்தி, இருபக்க அட்ஜஸ்டரையும் சம அளவில் திருப்ப வேண்டும். ஸ்விங்ஆர்மில் இருக்கும் கோடுகள் இரண்டு பக்கமும் ஒன்றுபோல் வரணும், இல்லையென்றால் சக்கரம் சாய்ந்து ஸ்ப்ராக்கெட் பல்லின் ஒரு பக்கம் மட்டும் தேயும். நட்டை இறுக்கிய பிறகு தொய்வை மறுபடி அளந்து பாருங்கள், இறுக்கும்போது கொஞ்சம் மாறும். பின்னால் டிரம் பிரேக் உள்ள வண்டியில் பலர் மறப்பது ஒன்று: சக்கரம் பின்னால் போனதும் பிரேக் ராடும் இழுபடும், பெடல் ப்ளே (பிரேக் பிடிக்கும் முன் பெடல் சும்மா நகரும் அளவு) குறைந்து பிரேக் பிடித்தபடியே ஓடும். அதையும் சரிசெய்து, பிரேக் விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். நட்டை எந்த அளவு முறுக்க வேண்டும் என்று தெரியாதவர்கள் இந்த ஒரு வேலையை மெக்கானிக்கிடம் விட்டுவிடுவது நல்லது.

செயின் நீண்டுவிட்டது என்கிறோமே, இரும்பு இழுபட்டு நீளவில்லை. சுமார் 120 கண்ணி இருக்கும் செயினில் ஒவ்வொரு பின்னிலும் 0.1 மி.மீ. தேய்ந்தாலே மொத்தம் 12 மி.மீ. கூடிவிடும். மாற்றும் நேரம் வந்துவிட்டதா என்று பார்க்க, பின் ஸ்ப்ராக்கெட்டின் கடைசி ஓரத்தில் செயினைப் பின்னால் இழுங்கள். அரைப் பல் வெளியே தெரிந்தால் காலம் முடிந்தது. பற்கள் சுறாமீன் துடுப்பு மாதிரி ஒரு பக்கம் வளைந்திருந்தாலும் அப்படியே. மாற்றும்போது செயினும் இரண்டு ஸ்ப்ராக்கெட்டும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும், தேய்ந்த பல் புதுச் செயினைச் சீக்கிரமே தின்றுவிடும்.

இரு முனைகளையும் இணைக்கும் கண்ணியில் லாக் கிளிப் போட்ட செயின் என்றால், வேலை முடிந்ததும் மெக்கானிக் பக்கத்தில் நின்று அந்தக் கிளிப்பை மட்டும் பாருங்கள். மூடிய முனை செயின் ஓடும் திசையில் இருக்க வேண்டும், அதாவது மேல்பக்கச் செயினில் என்ஜினைப் பார்த்தபடி. திருப்பிப் போட்டால் எதிலாவது உரசி கழன்று விழும். புதுச் செயின் முதல் சில நூறு கி.மீ.க்குள் கொஞ்சம் இளகும், அதனால் ஒருமுறை தொய்வைத் திரும்ப அளந்துவிடுங்கள்.