ஒழுங்கைக்கு வேகத்தடை கேட்கப் போகிறீர்களா? முதலில் அது யாருடைய ஒழுங்கை என்று பாருங்கள்

பாடசாலை விட்டு வந்த பிள்ளை ஒன்றை எங்கள் பக்கத்து ஒழுங்கையில் மோட்டார் சைக்கிள் தட்டிவிட்டுப் போனது. மறுவாரமே, ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் அயலவர்களிடம் கையெழுத்து வாங்கி, வேகத்தடை கேட்டு ஓர் அலுவலகத்தில் கடிதம் கொடுத்தார். பதினொரு மாதம் நடையாய் நடந்த பிறகு கிடைத்த பதில், "இது எங்களுடைய வீதி அல்ல, அம்மா." இதை முதல் நாளே சொல்ல ஒரு நிமிடம் போதும்.

ஆகவே கையெழுத்து வாங்குவதற்கு முன் வீதி யாருடையது என்று தெரிந்துகொள்ளுங்கள். கொழும்பிலிருந்து காலி நகருக்குப் போகும் காலி வீதி போன்ற 'ஏ', 'பி' தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பு. 'சி', 'டி' தர வீதிகள் மாகாணத்துக்குரியவை. மாநகர எல்லைக்குள் உள்வீதிகளும் ஒழுங்கைகளும் பெரும்பாலும் மாநகர சபைக்குரியவை. வெள்ளவத்தை கொழும்பு மாநகர சபையில் அடங்கும்; கால்வாயைத் தாண்டித் தெஹிவளைக்குள் வந்துவிட்டால் தெஹிவளை–கல்கிசை மாநகர சபை. இரண்டு கரையிலும் கொழும்பில் இருப்பதாகத்தான் சொல்லிக்கொள்கிறோம், கடிதம் மட்டும் தவறான கட்டடத்துக்குப் போய்விடுகிறது.

பெரிய பொறி தனியார் ஒழுங்கை. காணியைத் துண்டு போட்டு விற்றபோது பாதைக்கென்று விட்ட நிலம், சபையிடம் ஒப்படைக்கப்படாமலே கிடக்கும். பெயர்ப்பலகை இருக்கும், தெருவிளக்கு எரியும், குப்பை வண்டியும் வரும். இவற்றில் எதுவும் அது சபையின் வீதி என்பதற்கு அத்தாட்சி ஆகாது. காணி உறுதிப் பத்திரத்தோடு உள்ள வரைபடத்தைப் பாருங்கள். சந்தேகமிருந்தால் சபையிடமே எழுத்தில் கேளுங்கள்.

அடுத்தது பந்தாட்டம். சபைக்குப் போனால் "பொலிஸில் சிபாரிசு வாங்கி வாருங்கள்" என்பார்கள். பொலிஸுக்குப் போனால் "அது சபையின் வேலை" என்பார்கள். ஒன்று முடிந்த பின் மற்றது என்று காத்திருக்காதீர்கள். மாநகர ஆணையாளருக்கு எழுதும் கடிதத்தின் பிரதியைப் போக்குவரத்துப் பொலிஸ் பொறுப்பதிகாரிக்கும் உங்கள் வட்டார உறுப்பினருக்கும் அதே நாளில் அனுப்புங்கள். பதிவுத் தபால் நல்லது. நேரில் கொடுத்தால் உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்காமல் படியிறங்காதீர்கள். முத்திரை இல்லாத கடிதம் பிறகு "வரவேயில்லை" என்று ஆகிவிடும்.

வாடகைக்கு இருப்பவர்களிடம் "வீட்டுச் சொந்தக்காரர் கையெழுத்து வேண்டும்" என்று திருப்பி அனுப்பிய கதைகளும் உண்டு. சொந்தக்காரர் கனடாவில் இருப்பார். அந்த நிபந்தனை எந்த விதியில் இருக்கிறதென்று எழுதித் தரும்படி பணிவாகக் கேளுங்கள். பேச்சு அநேகமாக அத்தோடு நின்றுவிடும். தமிழில் எழுதிய கடிதத்தை மறுக்கவும் முடியாது: தமிழில் எழுதித் தமிழிலேயே பதில் பெறும் உரிமை அரசியலமைப்பின் நான்காம் அத்தியாயத்தில் இருக்கிறது. ஆனாலும் ஒரு சிங்கள மொழிபெயர்ப்பை இணைத்துவிடுங்கள். உரிமை உங்கள் பக்கம்தான், கோப்பு நகர்வது வேறு கதை.

ஒரு மாதமாகியும் சத்தமில்லையா? 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உங்கள் கையில் இருக்கிறது. "ஏன் வேகத்தடை போடவில்லை?" என்று கேட்காதீர்கள், அதற்கு வரும் பதில் ஒரு கட்டுரையாக இருக்கும். இந்த வீதி எந்த நிறுவனத்துக்குரியது, இந்தத் திகதியிட்ட என் கடிதம் இப்போது எந்த உத்தியோகத்தரிடம் இருக்கிறது, இடம் எப்போது பார்வையிடப்பட்டது, அறிக்கையின் பிரதி எங்கே என்று கேளுங்கள். காரணம் சொல்ல வேண்டியதில்லை. தகவல் தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் அறிவிக்க வேண்டும். அறிவிக்காவிட்டால் மேன்முறையீடு செய்யலாம்.

வேக எல்லை பற்றிச் சுருக்கமாக: பலகை இல்லையென்றால் எல்லையே இல்லை என்று நினைப்பது தவறு. குடியிருப்புகள் நிறைந்த பகுதியில் காருக்கு மணிக்கு 50 கிலோமீற்றர், முச்சக்கர வண்டிக்கு 40. ஒழுங்கைக்கு இதுவே அதிகம்தான். அதற்காக நீங்களே '20' என்று எழுதிப் பலகை நட்டால், அதை வைத்து எவர்மீதும் வழக்குப் போட முடியாது.

அதைவிட ஆபத்து, காசு சேர்த்துத் தாங்களே சீமெந்தில் திட்டுக் கட்டுவது. வர்ணமில்லாத திட்டில் இரவில் ஒருவர் விழுந்தால் பொலிஸ் தேடி வருவது உங்களைத்தான். ஒழுங்கையின் இரு ஓரத்தையும் மூடிக் கட்டிவிட்டால், அடுத்த மழைக்குத் தண்ணீர் யார் வீட்டுக்குள் போகும் என்பதையும் யோசியுங்கள்.

கேட்கும்போது "உயரமாகப் போடுங்கள்" என்று கேட்காதீர்கள். சுமார் 10 சென்ரிமீற்றர் உயரமும், வண்டி ஓடும் திசையில் மூன்றரை மீற்றருக்கு மேல் நீளமும் கொண்ட சாய்வான மேடுதான் வேகத்தைக் குறைக்கும், கர்ப்பிணியின் இடுப்பையும் முறிக்காது. வெள்ளைக் கோடும் முன்னறிவிப்புப் பலகையும் கடிதத்திலேயே இருக்கட்டும்.

வேகத்தடை வந்துவிட்டால் கோப்பைத் தூக்கி எறியாதீர்கள். ஒழுங்கைக்குக் காபட், அதாவது புதிய தார்ப் படை, போட வரும்போது அதைச் சுரண்டி எடுத்துவிடுவார்கள். மீண்டும் போடுவது அந்த வேலை மதிப்பீட்டில் இருக்கிறதா என்று, தார் இறங்குவதற்கு முன்பே எழுத்தில் கேட்டுவையுங்கள்.