பி மூவி என்றால் இரண்டாம் தரப் படமா?

போன மாதம் ஆழ்வார்பேட்டையில் ஒரு திரையிடல். படத்தை அறிமுகம் செய்தவர் பத்து நிமிடத்தில் நான்கு முறை ‘இரண்டாம் தரப் படம்’ என்றார். ‘பி மூவி’க்கு அவர் கொடுத்த தமிழ் அது. சப்டைட்டில், விமர்சனம் என்று எங்கே பார்த்தாலும் இதே மொழிபெயர்ப்புதான். இது தவறு.

1930களின் அமெரிக்காவில் பொருளாதாரப் பெருமந்தத்தால் தியேட்டருக்கு வரும் கூட்டம் குறைந்தது. ஒரே டிக்கெட்டில் இரண்டு படம் ஓட்டினார்கள், நம் ஊரில் சிவராத்திரிக்கு விடிய விடிய ஓட்டுவது போல. பெரிய நடிகர்கள் நடித்தது ஏ, கூடவே ஓடியது பி. ஏ படத்துக்கு வசூலில் பங்கு, பி படத்துக்குப் பெரும்பாலும் நிலையான வாடகை. வரும்படி முன்பே தெரிந்துவிடுவதால் செலவும் அதற்குள் அடங்க வேண்டும். ஆக, ‘பி’ என்பது அன்றைய காட்சியில் அந்தப் படத்துக்குக் கிடைத்த இடம். யாரும் மார்க் போட்டுக் கொடுத்த எழுத்து இல்லை.

‘இரண்டாம் தரம்’ என்றதும் தமிழ்க் காதுக்குக் கேட்பதோ மளிகைக் கடையில் உடைந்த முந்திரியைத் தனியாக வைத்து விற்கும் குரல். ஏலத்தில் ‘ஒரு தரம், இரண்டு தரம்’ என்கிறோமே, அது வெறும் எண்ணிக்கைதானே என்று நண்பர் ஒருவர் வாதாடினார். சரி, ஆனால் அங்கே ‘ஆம்’ கிடையாது. ‘இரண்டாம்’ என்று சொல்லித் ‘தரம்’ சேர்த்தால் மட்டம் என்ற பொருள்தான் முன்னால் வந்து நிற்கும். படம் தொடங்கும் முன்பே தீர்ப்பு சொல்லியாகிவிட்டது.

அப்படியே ‘பி படம்’ என்று விட்டுவிடலாமா? அதுவும் குழப்பம்தான். கோடம்பாக்கத்தில் ‘பி சென்டர்’ என்றால் ஊரின் அளவு, அதாவது நடுத்தர ஊர்களின் தியேட்டர்கள். ‘பி கிரேடு’ என்றாலோ பலர் மனதில் வருவது கவர்ச்சிப் படம். அகராதியில் எழுத்துக்கு எழுத்து தேடுகிற மொழிபெயர்ப்பாளர்கள் இதையெல்லாம் யோசிப்பதே இல்லை. படத்தைப் பார்க்காமலே பெயர் வைக்கிறார்கள் என்பதுதான் என் ஆதங்கம்.

டிவி வந்தபின் இரட்டைக் காட்சி தேய்ந்தது. சிறுசெலவுப் படங்களுக்கு டிவியே வீடானது. 1969இல் அமெரிக்க டிவி நிறுவனமான ஏபிசி வாரம் ஒரு டிவி படம் போடத் தொடங்கியது. ஸ்பீல்பெர்க்கின் ‘டூயல்’ 1971இல் அந்த வரிசையில்தான் வந்தது. ஒரு கார், துரத்துகிற ஒரு லாரி, கடைசிவரை முகம் காட்டாத டிரைவர். இதையா இரண்டாம் தரம் என்பது? விண்வெளிப் படமோ பேய்ப் படமோ, காசு இல்லாததால் பூதத்தை முழுதாகக் காட்ட முடியாது. கதவு லேசாக ஆடும், விளக்கு அணையும், மீதிப் பூதத்தை நாமே மனதில் உருவாக்கிக்கொள்வோம். இந்தப் படங்கள் மேல் எனக்குள்ள பிரியமெல்லாம் அந்த மீதியில்தான்.

நான் சொல்லும் சொல் ‘துணைப்படம்’. பள்ளித் தமிழ்ப் புத்தகத்தில் துணைப்பாடம் இருந்ததே, நினைவிருக்கிறதா? செய்யுளை மனப்பாடம் செய்தோம், துணைப்பாடக் கதைகளை ஆசையாகப் படித்தோம். துணை என்றால் தாழ்வாகாதா என்பார்கள். துணைவேந்தரை யாராவது இரண்டாம் தர வேந்தர் என்கிறோமா?

அப்புறம், அந்தச் சொல்லில் இன்னொன்றும் இருக்கிறது. மந்தைவெளி வீட்டில் சின்ன வயதில் ராத்திரி டிவியில் ஒரு டப்பிங் படம் பார்த்தோம். ஏரியிலிருந்து ரப்பர் பிராணி ஒன்று எழுந்து வந்தது. அதன் முதுகில் ஜிப் பளிச்சென்று தெரிந்தது. அண்ணன்தான் அதை முதலில் கண்டுபிடித்துக் கைநீட்டிக் காட்டினான். படம் முடிந்ததும், கொல்லைப்பக்கம் போக, “டேய், துணைக்கு வாடா” என்று என்னை எழுப்பியவனும் அவன்தான்.