குளத்தில் ஆன்டிபயாடிக் கொட்டுபவர்களுக்கு

சென்ற வாரம் ஒரத்தநாடு பக்கத்திலிருந்து வந்த மீன் விவசாயி ஒருவர், மீன் நோய்களைப் பரிசோதிக்கும் என் மேசைமேல் இரண்டு பைகளை வைத்தார். ஒன்றில் வயிறு உப்பி, செதில்கள் நிமிர்ந்து, துடுப்புகளின் அடியில் இரத்தக் கசிவோடு செத்துப்போன மூன்று கட்லாக்கள். மற்றொன்றில் அவர் அதுவரை குளத்தில் போட்டு முடித்திருந்த மருந்துகளின் காலி உறைகள்: மூன்று வகை ஆன்டிபயாடிக், அவற்றில் இரண்டு கோழிக்கானவை, ஒன்று மனிதருக்கானது. "எதுவும் கேக்க மாட்டேங்குது சார், இதைவிட ஸ்ட்ராங்கா ஒண்ணு எழுதிக் குடுங்க" என்றார். இந்தப் பேச்சை இந்தப் பருவத்தில் எத்தனை முறை கேட்டேன் என்று எண்ணுவதை நான் நிறுத்திவிட்டேன்.

மறுநாள் விடியற்காலை ஐந்தரை மணிக்கு அவருடைய குளத்துக்குப் போனபோது, மீன்கள் நீர்மட்டத்தில் வாயைத் திறந்து மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தன. கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 1.8 மில்லிகிராம், கட்லா, ரோகு போன்ற கெண்டை மீன்களுக்கு அது 5-க்குக் குறையாமல் இருக்க வேண்டும். ஏக்கருக்கு நான்காயிரம் குஞ்சுகள் விட வேண்டிய குளத்தில் ஒன்பதாயிரம் விட்டிருந்தார். தண்ணீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டர் இல்லை. கரையோரம் சோர்ந்து ஒதுங்கிய ரோகு ஒன்றைப் பிடித்து வந்து, அதன் சிறுநீரகத்திலிருந்து எடுத்த மாதிரியை வளர்த்ததில் ஏரோமோனாஸ் ஹைட்ரோஃபிலா என்ற பாக்டீரியா கிடைத்தது. அந்தக் கிருமியைத் தட்டில் பரப்பி ஆறு மருந்து வில்லைகளை வைத்தேன். மருந்து வேலை செய்தால் வில்லையைச் சுற்றித் தெளிவான வளையம் விழும். இவர் பயன்படுத்திய மூன்று மருந்துகளின் வில்லைகளையும் கிருமியின் வெண்படலம் விளிம்புவரை வந்து ஒட்டிக்கொண்டிருந்தது.

விவசாயிகளிடம் உள்ள ஒரு நம்பிக்கை எனக்கு மிகவும் எரிச்சலூட்டுகிறது: கிருமி எங்கிருந்தோ குளத்துக்குள் வந்துவிட்டது, மருந்து போட்டு அதை விரட்டிவிட்டால் குளம் சுத்தமாகிவிடும் என்பதுதான் அது. ஏரோமோனாஸ் விருந்தாளி அல்ல, குளத்தின் நிரந்தரக் குடித்தனக்காரன். நீரில் இருக்கிறது, வண்டலில் இருக்கிறது, துள்ளித் திரியும் ஆரோக்கியமான மீனின் குடலிலும் இருக்கிறது. மீன் தெம்பாக இருக்கும்வரை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. நெரிசல், அமோனியா, ஆக்சிஜன் குறைவு, இழுவலையில் உரிந்த செதில் என்று ஏதாவது ஒன்று மீனைத் தளர்த்தும்போதுதான் அது நோயாகிறது. அந்தக் காரணத்தை அப்படியே விட்டுவிட்டுக் கிருமியைக் கொல்லப் புறப்பட்டால், மருந்துக்குச் சாகாதவை மட்டும் மிஞ்சி, காலியான இடத்தையும் அவையே நிரப்பிக்கொள்ளும். "மருந்து போட்ட மறுவாரம் சாவு நின்றுவிட்டதே" என்பார்கள். பாதி மீன் செத்தபின் நெரிசல் குறைந்ததால் நின்றிருக்கும் என்று நான் சொன்னால் முகம் சுளிக்கிறார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நோயுற்ற மீன் முதலில் விடுவது தீவனத்தைத்தான். எனவே தீவனத்தில் கலந்த மருந்தைத் தின்பவை பெரும்பாலும் நலமாயிருக்கும் மீன்கள். தண்ணீரில் நேரடியாகக் கொட்டினாலோ, ஆக்ஸிடெட்ராசைக்ளின் போன்ற ஆன்டிபயாடிக்குகள் நீரிலுள்ள கால்சியத்தோடும் மக்னீசியத்தோடும் பிணைந்து வலுவிழந்து வண்டலில் படிகின்றன. நம் ஊர் போர்வெல் தண்ணீரின் கடினத்தன்மையை உங்கள் வீட்டுக் குழாயில் படியும் வெள்ளைப் பொருக்கே சொல்லும்.

மருந்துக்குச் சாகாத எதிர்ப்புத்திறன் தரும் மரபணுக்களை ஒரு பாக்டீரியா இன்னொரு இனத்துக்குக் கைமாற்றிவிடக்கூடியது. குளத்து நீர் வாய்க்காலுக்குப் போகிறது. வாய்க்காலில்தான் மாடும் இறங்குகிறது, பிள்ளைகளும் இறங்குகின்றன. மீனைச் சமைத்தால் கிருமி சாகும் என்பது உண்மைதான், ஆனால் அதை அரிந்த அரிவாள்மனையையும் கழுவிய கையையும் யாரும் கொதிக்க வைப்பதில்லை. மருந்தின் எச்சமும் முழுவதுமாக வெந்து அழிந்துவிடுவதில்லை.

குளோராம்பெனிக்கால், நைட்ரோஃபியூரான்கள் ஆகிய ஆன்டிபயாடிக்குகள் மீன் வளர்ப்பில் தடை செய்யப்பட்டவை. மனிதருக்குக் கடைசிக் கையிருப்பாக வைத்திருக்கும் கோலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கை உணவுக்கான விலங்குகளுக்கும் மீன்களுக்குமாகத் தயாரிக்கவும் விற்கவும் 2019 ஜூலையில் மத்திய அரசு தடை விதித்தது. தெரியாமல் வாங்கினேன் என்று சொல்லாதீர்கள். உறையில் மருந்தின் பெயர் இருக்கிறது, படியுங்கள்.

மீன் செத்தால் முதல் வேலை, விடியுமுன் ஆக்சிஜன் பார்ப்பது. தீவனத்தை நிறுத்துங்கள், புதுத் தண்ணீர் பாய்ச்சுங்கள், ஏரேட்டரை ஓட்டுங்கள், செத்த மீனைக் கரையில் எறியாமல் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். மட்காத கோழி எச்சத்தைக் குளத்தில் கொட்டாதீர்கள். கோழி தின்ற மருந்தும், அதற்கு அடங்காத கிருமியும் அதோடு சேர்ந்தே வருகின்றன. கையில் வெட்டுக்காயம் இருந்தால் குளத்தில் இறங்க வேண்டாம், ஏரோமோனாஸ் மனிதர் காயத்திலும் சீழ் வைக்கும். சோதித்தபின் மருந்து தேவை என்று மீன் மருத்துவர் சொன்னால், சொன்ன அளவில், சொன்ன நாள்வரை கொடுங்கள். மருந்தின் எச்சம் மீனின் உடலிலிருந்து நீங்க அவர் குறித்த இடைவெளி முடியும்வரை வலை இழுக்காதீர்கள், வியாபாரி வாசலில் வந்து நின்றாலும்.

தயவுசெய்து செத்த மீனைத் தூக்கிக்கொண்டு வராதீர்கள். செத்துச் சில மணி நேரமான மீனுக்குள் எல்லாக் கிருமியும் குடியேறிவிடும். கொன்றது எது, பின்னால் வந்தது எது என்று என்னால் பிரிக்க முடியாது. தள்ளாடி நீந்தும் மீன் இரண்டைக் குளத்து நீரோடு ஆக்சிஜன் நிரப்பிய பையில் கொண்டுவாருங்கள். தனியாக ஒரு பாட்டிலில் குளத்துத் தண்ணீரும் வேண்டும்.