ஃபாயர் என்பதற்குத் தமிழில் என்ன? ரேழிதான்

வீடு கட்டிக்கொண்டிருக்கும் நண்பர் ஒருவர், வாசல் பக்கத்தை எப்படி அமைக்கலாம் என்று ஆங்கிலத்தில் படித்த குறிப்பைக் கைபேசியில் தமிழாக்கி எனக்கு அனுப்பினார். 'மர உச்சவரம்பும் வெளிப்பட்ட கற்றைகளும் கொண்ட வரவேற்கும் ஃபாயர்' என்று வந்திருந்தது. உச்சவரம்பு என்றதும் எனக்கு 1961-ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தச் சட்டம்தான் ஞாபகம் வந்தது. கற்றை என்றால் ஒளிக்கற்றை, இல்லாவிட்டால் வைக்கோல் கற்றை. ஃபாயர் மட்டும் எந்த மாற்றமும் இல்லாமல் அப்படியே உட்கார்ந்திருந்தது. "இதுக்கெல்லாம் தமிழ்ல பேரே கிடையாதா?" என்று கீழே ஒரு வரி.

கிடையாதா! தாராளமாக இருக்கிறது. முதலில் ஃபாயரைப் (foyer, வாசலைத் தாண்டியதும் வரும் இடம்) பார்த்துவிடுவோம்.

அது பிரெஞ்சுச் சொல். அவர்கள் வாயில் 'ஃபுவாயே'. வேர் லத்தீனில் இருக்கிறது: ஃபோகுஸ், அதாவது அடுப்பு, கணப்பு. குளிர்தேசத்து நாடகக் கொட்டகையில் இடைவேளையின்போது மக்கள் எழுந்து வந்து கணப்பருகே நிற்கிற கூடத்துக்கு அந்தப் பெயர் ஏற்பட்டது. அப்புறம் ஹோட்டல்களுக்கும் வீடுகளுக்கும் பரவிற்று. கேமராவில் ஃபோகஸ் என்கிறோமே, அதுவும் இதே அடுப்புதான். 1604-இல் வானியலாளர் கெப்ளர் கணிதத்தில் குவியப் புள்ளிக்கு அந்தப் பெயரை வைத்தார்; கண்ணாடிவில்லை வெயிலைக் குவித்துச் சுடுவதை நினைத்து வைத்திருக்கலாம். ஆக, ஃபாயர் என்று தமிழில் எழுதினால் தீயணைப்பு நிலையம்போல ஒலிக்கிறது என்று சிரிப்பவர்கள், தெரியாமலே சொல்லின் பிறப்பைத் தொட்டுவிடுகிறார்கள். பனியில் வருபவனை நெருப்புக் காட்டி வரவேற்ற சொல் அது. சித்திரை வெயிலில் தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு வீட்டுக்குள் நுழைபவருக்கு நெருப்பு எதற்கு?

அங்கே இருந்தது ரேழி. வாசற்கதவைத் தாண்டியதும், கூடத்துக்கும் முற்றத்துக்கும் போகும் முன்னால் வருகிற ஒடுக்கமான நடை. சொல்லைப் பார்த்தால் எங்கிருந்தோ வந்தது போலத் தெரியும். ஆனால் அது இடைகழி என்ற பழந்தமிழ்ச் சொல்லின் தேய்வு. இடை என்றால் நடு. கழிதல் என்றால் கடந்து போதல். நடுவில் கடந்து போகிற இடம், இடைகழி. பேச்சில் நடுவிலுள்ள 'க' கரைந்து இடேழி ஆகி, இரண்டு ரெண்டானது போல முதல் 'இ' உதிர்ந்து டேழியாகி, கடைசியில் ரேழி. டகரமும் ரகரமும் சொல்லுக்கு முதலில் வராது என்று இலக்கணம் பிடிப்பவர்கள் இரேழி என்று எழுதிக்கொள்ளட்டும். நான் தடுக்கவில்லை.

இந்தச் சொல்லுக்கு இதைவிட நல்ல விளக்கம் பொய்கையாழ்வாரிடம் இருக்கிறது. திருக்கோவலூரில் ஒரு மழை இரவு, இருட்டு. ஒரு வீட்டு இடைகழியில் பொய்கையார் வந்து படுக்கிறார். பூதத்தார் வருகிறார்; ஒருவர் படுக்கலாம், இருவர் இருக்கலாம் என்று இருவரும் உட்காருகிறார்கள். பேயார் வருகிறார், மூவர் நிற்கலாம் என்று மூவரும் எழுந்து நிற்கிறார்கள். நாலாவதாக ஒருவர் நெருக்குவது தெரிகிறது, அது பெருமாள் என்பது கதை. முதல் திருவந்தாதியில் பொய்கையார் அந்த இடத்தைச் சொல்லும் சொற்கள்: 'கடைகழியா உள்புகாக் காமர்பூங் கோவல் இடைகழியே பற்றி.' இங்கே கடை என்பது சாமான் விற்கும் கடை இல்லை, வாசல். புழக்கடை என்று இன்றும் சொல்கிறோமே, அந்தக் கடை. வாசலைக் கடந்து வெளியேயும் போகாமல், உள்ளேயும் புகாமல் நிற்கிற இடம். அகராதிக்காரர் எழுதியிருந்தால்கூட இவ்வளவு கச்சிதமாக வந்திராது. அளவும் இந்தக் கதையிலேயே இருக்கிறது: ஒருவர் படுக்க, இருவர் இருக்க, மூவர் நிற்க. எத்தனை அடி வேண்டும் என்று கேட்கிற என்ஜினியருக்கு இதைத்தான் சொல்வேன்.

நான் சிறுவயதில் விடுமுறைக்குப் போகும் வீட்டு ரேழி ஆறடி அகலம் இருக்கும். தெருவின் வெளிச்சத்திலிருந்து உள்ளே கால் வைத்தால் ஒரு நிமிஷம் கண் இருட்டும். காலடியில் சிவப்புத் தரை சில்லென்றிருக்கும். வலப்பக்கச் சுவரில் புகை படிந்த விளக்கு மாடம். மேலே வரிசையாக விட்டங்கள்; ஒன்றில் இரும்புக் கொக்கி, அதில் தாத்தாவின் குடை. மத்தியானம் பாயைப் போட்டுப் படுத்தால் விட்டங்களை எண்ணுவதுதான் வேலை. பதினொன்று. ஆறாவது விட்டத்தில் மட்டும் நீளமாக ஒரு விரிசல், அதற்குள் யாரோ செருகி வைத்த பனையோலை விசிறிக் காம்பு. கூரை தாழ்வாக இருந்ததால், ரேழியைத் தாண்டி முற்றத்துக்கு வந்ததும் வானம் ஒரேயடியாக உயர்ந்துவிட்டது போல இருக்கும். அந்த வீட்டைக் கட்டியவர் அதைக் கணக்குப் போட்டுத்தான் செய்திருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது.

சரி, அந்தக் 'கற்றை'க்கு வருவோம். ஆங்கிலத்தில் பீம் என்ற சொல்லுக்குப் பழைய பொருளே மரம்தான்; ஜெர்மன்காரர்கள் மரத்தை இன்றும் பௌம் என்கிறார்கள். தமிழில் விட்டம், உத்திரம், தூலம் என்று மூன்று பெயர் தயாராக இருக்கிறது. வட்டத்தின் குறுக்கே போகிற கோட்டுக்குப் பள்ளிக்கூடத்தில் விட்டம் என்று படித்தோம். சுவருக்குச் சுவர் குறுக்கே போகிற மரமும் அதே விட்டம். வேலையற்றுப் படுத்திருப்பவனை 'விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறான்' என்பார்கள், சில ஊர்களில் 'மோட்டுவளையை'. மோடு என்பது முகடு, வளை என்பது அங்கே ஓடும் மரம்.

உத்திரத்தின் கதை இன்னும் சுவையானது. உத்தரம் என்பதுதான் மூலம், மேலே இருப்பது என்று பொருள்படும் வடசொல். நெடுநல்வாடையில் அரண்மனை வாயிலைச் சொல்லும்போது நக்கீரர் அந்த மரத்தின் பெயரையே சொல்வதில்லை. 'நாளொடு பெயரிய கோளமை விழுமரம்' என்று விடுகதை போடுகிறார்: நட்சத்திரத்தின் பெயரைக் கொண்ட பெரிய மரம். உத்தரம் ஒரு நட்சத்திரம் அல்லவா! உரைகாரர்கள் அந்த முடிச்சை அவிழ்த்திருக்கிறார்கள். அதே இடத்தில் கதவில் பருத்த இரும்பு பிணித்ததும், செவ்வரக்குப் பூசியதும், 'ஐயவி அப்பிய நெய்யணி நெடுநிலை' என்று வெண்கடுகும் நெய்யும் தடவிய நெடிய நிலையும் வருகின்றன. கதவைத் தாங்கும் சட்டத்தை ஆசாரிகள் இன்றும் நிலை என்றுதான் சொல்கிறார்கள். மரத்துக்கு நெய் போடுவதும் நின்றுவிடவில்லை, எண்ணெய்தான் மாறியிருக்கிறது.

'வெளிப்பட்ட' என்ற அடைமொழி தமிழுக்குத் தேவைப்பட்டதில்லை. நம் பழைய வீடுகளில் விட்டம் எப்போதும் தெரிந்தது. மெட்ராஸ் டெரஸ் என்கிறோமே, அதில் தேக்குச் சட்டங்களை நெருக்கமாக வைத்து, மேலே மெல்லிய செங்கல்லைச் சாய்கோணத்தில் குத்திட்டு அடுக்கிச் சுண்ணாம்பு போடுவார்கள். கீழே நின்று பார்த்தால் மரமும் கல்லும் அப்படியே தெரியும். தேக்குக்கு வசதியில்லாத இடத்தில் பனங்கை, அதாவது பனைமரச் சட்டம். மரத்தை மூடி மறைக்கிற வழக்கம் இருந்த ஊரில்தான் மூடாததற்குத் தனிப்பெயர் வேண்டியிருக்கும். நாம் 'விட்டம் தெரிகிற கூரை' என்றாலே போதும்.

மரப்பலகை வேய்ந்த கூரைக்கு மச்சு என்ற பெயர் உண்டு. வடக்கே மச்சு வீடு என்றால் மாடி வீடாகிவிட்டது, ஆனால் கன்னியாகுமரிப் பக்கமும் கேரளத்திலும் பலகைக்கூரை என்ற பொருள் நிற்கிறது. அதைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் தக்கலை அருகே பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போங்கள். நுழைந்ததும் வரும் பூமுகத்தில் அண்ணாந்து பார்த்தால், மரக்கூரையில் 90 பூக்கள் செதுக்கியிருக்கிறார்கள், ஒன்றுபோல் இன்னொன்று இல்லை. 'வுட் சீலிங்' என்ற சொல் அங்கே நின்று பார்க்கையில் ரொம்பச் சின்னதாகத் தெரியும்.

ஊருக்கு ஊர் வேறு பெயர்களும் உண்டு. செட்டிநாட்டில் முகப்பு, அது ரேழியைவிடப் பல மடங்கு பெரியது, பர்மாத் தேக்குத் தூண்களோடு. யாழ்ப்பாணத்தில் தெருப்படலைக்கே, அதாவது தெருவோரத்து வாசற்கதவுக்கே, கூரை போட்டு, வழிப்போக்கர் ஒதுங்கி இளைப்பாற இடம் விட்டுச் சங்கடப்படலை என்றார்கள். வாயில் என்பதே 'இல்வாய்' முன்பின் மாறியதுதான், வீட்டின் வாய்.

ரேழி அக்கிரகாரத்துச் சொல்லாயிற்றே என்று தயங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் இடைகழி என்று எழுதலாம், அதில் யாருக்கும் தகராறு இருக்காது. 'நுழைவு மண்டபம்' மட்டும் வேண்டாம், கல்யாணச் சத்திரம் போல இருக்கிறது.

நண்பரின் வரைபடத்தில் கான்கிரீட் கூரைக்கு அடியில் பிளைவுட் பெட்டிகளை ஒட்டி விட்டம் போலக் காட்டுவதாக இருந்தது. அதற்கு என்ன பெயர் என்று அவருடைய ஆசாரியிடம் கேட்டேன். "பாரம் தாங்கினா உத்திரம். இது பெட்டிங்க" என்றார். நண்பர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு பேனாவை எடுத்து ஃபாயர் என்றிருந்ததை அடித்து ரேழி என்று எழுதி, படத்தை ஆசாரியிடம் நீட்டினார். ஆசாரி அதைப் படித்துவிட்டு முதல்முறையாக நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ரேழியா? அப்ப நிஜ விட்டமே போடணுமே. தேக்கா, பனையா?"