எந்த ராக் குழு பெரிசு? காதையும் கேட்டுப் பார்ப்போம்

ராக் இசை கேட்பவர்கள் நாலு பேர் ஒன்றுசேர்ந்தால் இந்தச் சண்டை வராமல் இருக்காது. பீட்டில்ஸா, ரோலிங் ஸ்டோன்ஸா? லெட் செப்பலினா, பிங்க் ஃபிளாய்டா? குயீனை விட்டுவிட்டு என்ன பட்டியல்? நான் தொழிலால் ஆடியாலஜிஸ்ட். செவித்திறனைச் சோதிப்பதும் காதிரைச்சலோடு வருபவர்களுக்கு வழி சொல்வதும்தான் வேலை. கிடார், டிரம்ஸ் வாசிப்பவர்கள், 2011-இல் மெட்டாலிகாவைப் பார்க்கப் பெங்களூருக்கு ரயிலேறியவர்கள் என்று பலரும் என் அறைக்கு வருகிறார்கள். சோதனை முடிந்ததும் பேச்சு எப்படியோ இந்தச் சண்டைக்குள் போய்விடும். நானும் சளைக்காமல் வாயைக் கொடுப்பேன். அவர்கள் போடும் மதிப்பெண்களில் ஒன்று மட்டும் எனக்கு எப்போதும் உறுத்தும்: "லைவ்ல அவங்க சத்தம் இருக்கே, நெஞ்சுக்குள்ள இடிக்கும் சார்!"

சத்தத்தைப் பெருமையாக எண்ணியது ரசிகர்கள் மட்டுமல்ல. உலகிலேயே அதிக சத்தம் போடும் குழு எது என்று கின்னஸ் புத்தகமே கணக்கு வைத்திருந்தது. 1972-இல் லண்டன் ரெயின்போ தியேட்டரில் டீப் பர்ப்பிள் குழு, சத்தத்தை அளக்கும் அலகான டெசிபலில் 117-ஐத் தொட்டது. பார்வையாளர்களில் மூன்று பேர் மயங்கி விழுந்தார்கள் என்பதும் அந்தச் சாதனையோடு சேர்ந்தே சொல்லப்படுகிறது. அப்புறம் 1976 மே 31 அன்று, லண்டனில் சார்ல்டன் கால்பந்து மைதானத்தில் தி ஹூ அதை முறியடித்தது. ஒலிபெருக்கிகளிலிருந்து 32 மீட்டர் தள்ளி நின்று அளந்தபோதே 126 டெசிபல். பின்னாளில் கின்னஸ் அந்தப் பிரிவையே கைவிட்டது. காதைக் கெடுத்துக்கொள்ளும் போட்டியை ஊக்குவிக்க வேண்டாம் என்று அவர்களுக்கே பட்டுவிட்டது.

126 என்ற எண்ணைப் பார்த்தால் 117-ஐ விடக் கொஞ்சம்தானே கூடுதல் என்று தோன்றும். டெசிபல் கணக்கு அப்படிப் போவதில்லை. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் ஒலியின் ஆற்றல் இரட்டிப்பாகும். 9 டெசிபல் கூடினால் எட்டு மடங்கு. அமெரிக்காவில் பணியிடப் பாதுகாப்பை ஆராயும் நியோஷ் அமைப்பின் வரம்பு, 85 டெசிபலில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம். அதிலிருந்து 3 டெசிபல் ஏறும்போதெல்லாம் நேரம் பாதியாகும். 88-க்கு 4 மணி நேரம், 100-க்குக் கால் மணி நேரம். இதே கணக்கை நீட்டிப் பார்த்தால் 117 டெசிபலுக்குப் பதினெட்டு விநாடிகூட முழுதாகத் தேறாது. 126-க்கு இரண்டு விநாடி சொச்சம். முதல் பாட்டில் கிடார் நுழைவதற்குள் அன்றைய ஒதுக்கீடு தீர்ந்துவிடும்.

இவ்வளவு சத்தம் எங்கிருந்து வந்தது? ஆரம்பத்தில் அதற்கு ஒரு நியாயமான காரணம் இருந்தது. 1965 ஆகஸ்ட் 15 அன்று நியூயார்க் ஷே ஸ்டேடியத்தில் பீட்டில்ஸ் வாசித்தபோது கூட்டம் 55,000-ஐத் தாண்டியது. வாக்ஸ் நிறுவனம் அவர்களுக்காக 100 வாட் ஆம்ப்ளிஃபயர்களைக் கொடுத்திருந்தது. பாடும் குரலோ மைதானத்தின் சொந்த ஒலிபெருக்கிகள் வழியாகத்தான் போனது. ரசிகைகளின் அலறலில் எதுவுமே எடுபடவில்லை. வாசிப்பவர்களுக்கே தங்கள் குரல் கேட்கும்படி மேடையில் மானிட்டர் ஒலிபெருக்கி வைக்கும் வழக்கம் அப்போது கிடையாது. மற்ற மூவரின் உடலசைவைப் பின்னாலிருந்து பார்த்துத்தான் பாட்டு எங்கே போகிறது என்று கண்டுபிடித்ததாக டிரம்ஸ் வாசித்த ரிங்கோ ஸ்டார் பிறகு சொன்னார். அதே காலத்தில் லண்டனில் ஜிம் மார்ஷலின் இசைக்கருவிக் கடையில், தி ஹூவின் பீட் டவுன்ஷெண்டும் ஜான் என்ட்விஸிலும் ஒருவரையொருவர் மிஞ்சும்படி பெரிய பெரிய ஆம்ப்ளிஃபயர்களாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மேடையில் ஆள் உயரத்துக்கு அடுக்கிய அந்த மார்ஷல் பெட்டிகள்தான் அடுத்த இருபது ஆண்டுகளுக்கு ராக் மேடையின் அடையாளம்.

விலையையும் அவர்களே கொடுத்தார்கள். டவுன்ஷெண்டுக்குக் காதிரைச்சலும் செவித்திறன் குறைவும் வந்தன. என்ட்விஸிலுக்கும் காது மந்தமானது. 1967-இல் ஒரு அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் அதே குழுவின் கீத் மூன் தன் டிரம்ஸுக்குள் வெடிமருந்து வைத்து வெடிக்க, பக்கத்தில் நின்ற டவுன்ஷெண்டின் தலைமுடி பொசுங்கியது. காது போனதற்கு அந்த வெடியைக் காரணம் சொல்பவர்கள் நிறையப் பேர். டவுன்ஷெண்ட் வேறு மாதிரி சொன்னார். மேடைச் சத்தத்தை விட, ஸ்டூடியோவில் மணிக்கணக்காக மாட்டியிருந்த ஹெட்ஃபோன்தான் தன் காதைக் கெடுத்தது என்று 2006-இல் இளைஞர்களை எச்சரித்தார். என்னிடம் வரும் பெற்றோர்களுக்கு நான் அதிகம் எடுத்துச் சொல்வது இதைத்தான். பையன் கச்சேரிக்கே போனதில்லை, அதனால் காதுக்கு ஆபத்தில்லை என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

என் அறையில் இது எப்படித் தெரியும் என்று சொல்கிறேன். கல்லூரிக் காலத்திலிருந்து டிரம்ஸ் வாசிப்பவர் ஒருவர், முப்பது வயதைத் தாண்டியவர், மனைவி வற்புறுத்தியதால் வருகிறார் என்று வையுங்கள். "எனக்கு நல்லாக் கேக்குது. இவ பேசறதுதான் முணுமுணுன்னு இருக்கு" என்பார். சத்தம் புகாத அறையில் உட்காரவைத்து, ஹெட்ஃபோன் மாட்டி, சன்னமான 'பீப்' கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொல்வோம். 250, 500, 1000 ஹெர்ட்ஸ் அதிர்வெண்களில் (எண் கூடக் கூடச் சுருதி உயரும்) சட்சட்டென்று அழுத்துவார். 2000-த்திலும் பழுதில்லை. 4000-க்கு வந்ததும் விரல் அசையாது. ஒலியைக் கூட்டிக்கொண்டே போவேன், அப்போதும் அசையாது. 8000-இல் மறுபடி ஓரளவு கேட்கும். வரைபடத்தில் அந்த இடத்தில் மட்டும் ஒரு பள்ளம் விழுந்திருக்கும். சத்தத்தால் கெட்ட காதின் கையெழுத்து அது. வலதுகை டிரம்ஸ் வாசிப்பாளர் என்றால் பெரும்பாலும் இடது காதின் பள்ளம் ஆழமாக இருக்கும். ஹை-ஹாட் தட்டு அந்தப் பக்கம்தானே இருக்கிறது.

இந்தப் பள்ளத்தோடு வாழ்வது எப்படி என்றால், சத்தம் கேட்கும், பேச்சு புரியாது. உயிரெழுத்தின் ஒலி தாழ்ந்த அதிர்வெண்ணில் இருப்பதால் அது காதில் விழுந்துவிடும். மெய்யெழுத்துகளைப் பிரித்தறிய உதவும் நுணுக்கமான ஒலிகள் உயர்ந்த அதிர்வெண்ணில் இருக்கின்றன. கடை, சடை, தடை, படை நான்கும் ஒன்றுபோலக் கேட்கும். அமைதியான அறையில் சமாளித்துவிடுவார். கல்யாண மண்டபப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் பேசினால் சிரித்துத் தலையாட்டிவிட்டு வந்துவிடுவார்.

காரணம் உள்காதில் இருக்கிறது. நத்தை வடிவ எலும்புக்குள், ஒவ்வொரு காதிலும் ஒலியை உணரும் சுமார் 15,000 மயிர்ச்செல்கள். பெருஞ்சத்தத்தில் அவை மிதிபட்ட புல்லாக வளைந்துவிடும். கச்சேரி முடிந்து வெளியே வந்ததும் காது அடைத்து 'கொய்ங்' என்று கேட்பது அதனால்தான். ஓய்வு கிடைத்தால் நிமிரும். திரும்பத் திரும்ப நடந்தால் செத்துவிடும். மனிதக் காதில் செத்தது மறுபடி முளைப்பதில்லை. மாத்திரையும் இல்லை, டானிக்கும் இல்லை. காது மெஷின் உதவும், பழைய காதைத் திருப்பித் தராது.

சரி, பெரிய குழு எது? இந்த நாற்காலியிலிருந்து பார்க்கும் எனக்கு பீட்டில்ஸ்தான். தங்கள் இசை தங்களுக்கே கேட்காத நிலையில், 1966 ஆகஸ்டில் சான் ஃபிரான்சிஸ்கோவில் வாசித்ததோடு ஊர் ஊராகப் போவதை நிறுத்தினார்கள். அவர்களை மேதைகள் என்று பேசவைத்த வேலையில் பெரும்பகுதி அதற்குப் பிறகு ஸ்டூடியோவில் நடந்தது. காரணம் சத்தம் மட்டுமே என்று நான் சொல்லவில்லை. செப்பலின் ரசிகர்கள் என்னை மன்னிக்கட்டும். பாடகர் நீல் யங்கையும் இதில் சேர்ப்பேன். காது பெருஞ்சத்தத்தைத் தாங்காமல் போனதால்தான் 1992-இல் ஓர் அமைதியான ஆல்பத்தைச் செய்ததாக அவரே சொன்னார். ஏசி டிசி குழுவின் பாடகர் பிரையன் ஜான்சன் 2016-இல் மருத்துவர்கள் எச்சரித்ததும் இசைப் பயணத்தைப் பாதியில் நிறுத்தினார். கார் பந்தயமும் தன் காதைப் பாதித்ததாக அவர் சொன்னது பலருக்குத் தெரியாது. கோல்ட்ப்ளேயின் கிறிஸ் மார்ட்டின் காதிரைச்சல் வந்தபிறகு மேடையில் காதுப் பாதுகாப்பு இல்லாமல் ஏறுவதில்லை. அவர்களின் இசை பிடிக்கிறதோ இல்லையோ, அந்தப் பழக்கத்தைக் காப்பியடிக்கலாம்.

கச்சேரிக்குப் போகாதீர்கள் என்று நான் யாரிடமும் சொல்வதில்லை, சொன்னாலும் கேட்கப்போவதில்லை. ஒலிபெருக்கிக்கு எதிரே முட்டிக்கொண்டு நிற்காதீர்கள். காதில் பஞ்சு வைப்பது வீண். மருந்துக்கடையில் கிடைக்கும் நுரை இயர்பிளக்கை விரலால் ஒல்லியாக உருட்டி, மறு கையால் காது மடலை மேலே பின்னுக்கு இழுத்துப் பிடித்து உள்ளே செருகி, அது விரியும்வரை விரலால் அழுத்திப் பிடிக்க வேண்டும். நுனியில் சும்மா சொருகினால் பாதிப் பயன்கூடக் கிடைக்காது. நுரை, மேல் ஒலிகளை அதிகம் விழுங்குவதால் பாட்டு மந்தமாகத் தெரியும். அதனால்தான் பலர் இரண்டாவது பாட்டிலேயே பிடுங்கிவிடுகிறார்கள். வாரம்தோறும் வாசிப்பவர்கள், எல்லா அதிர்வெண்ணையும் ஒரே அளவில் குறைக்கும் இசைக்கலைஞர் இயர்பிளக்கை வாங்குவது நல்லது. அதன் விலை நீங்கள் போன மாதம் வாங்கிய கிடார் பெடலை விடக் குறைவாகத்தான் இருக்கும்.

ஹெட்ஃபோனுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு, 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம். பேருந்து இரைச்சலை அமுக்கத்தான் பெரும்பாலோர் ஒலியைக் கூட்டுகிறார்கள். அதற்குப் பதில் வெளிச்சத்தத்தைக் குறைக்கும் வகை ஹெட்ஃபோன் வாங்கலாம். பக்கத்தில் இருப்பவர் சாதாரணமாகப் பேசுவது கேட்கவே இல்லை என்றால் குறையுங்கள்.

கச்சேரி முடிந்து இரண்டு நாளாகியும் இரைச்சல் நிற்கவில்லை என்றால் பரிசோதனைக்கு வாருங்கள். ஒரு காது திடீரென்று மந்தமானால் அது அவசரம். அழுக்கு அடைத்திருக்கும் என்று நீங்களே முடிவுகட்டி, எண்ணெய் காய்ச்சி ஊற்றிக்கொண்டு ஒரு வாரம் காத்திருக்க வேண்டாம். முடிந்தால் அன்றைக்கே, தவறினாலும் மூன்று நாளுக்குள், காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய்விடுங்கள். ஸ்டீராய்டு சிகிச்சையை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறார்களோ அவ்வளவுக்குக் காது திரும்ப வாய்ப்பு அதிகம்.