எந்த நாட்டு 8? பின்னல்காரர்களின் குழூஉக்குறிகள்

பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பதையும் யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்பதையும் பள்ளி இலக்கணத்தில் குழூஉக்குறி என்று படித்திருப்போம். ஊசியும் கம்பளி நூலும் பிடிக்கிறவர்களுக்கும் அப்படி ஒரு தனிப்பேச்சு உண்டு. கோவையில் பல ஆண்டுகளாகப் பின்னல் வகுப்பு எடுத்து வரும் அனுபவத்தில் சொல்கிறேன்: வெளிநாட்டு பேட்டர்ன்களை, அதாவது பின்னல் செய்முறைக் குறிப்புகளை, வாங்கிப் பின்னும் மாணவியரின் உழைப்பு வீணாவது பெரும்பாலும் கைப்பிழையால் அல்ல, சொல்லைத் தவறாகப் புரிந்துகொள்வதால்தான்.

சென்ற ஆண்டு ஒரு மாணவி கனடாவில் படிக்கும் மகனுக்காக ஸ்வெட்டர் பின்னிக்கொண்டு வந்தார். தையல் ஒழுங்காக இருந்தது, ஒரு கண்ணிகூட நழுவவில்லை. ஆனால் 50 செ.மீ. இருக்க வேண்டிய முன்பக்கம் 45 செ.மீ.தான் இருந்தது. அமெரிக்க பேட்டர்னில் '8' என்று இருந்த ஊசிக்கு, நம் கடைகளில் கிடைக்கும் 8 நம்பர் ஊசியை அவர் எடுத்திருந்தார். அமெரிக்க 8 என்பது 5 மி.மீ.; நம்மிடம் புழங்கும் பழைய பிரிட்டிஷ் கணக்கில் 8 என்பது 4 மி.மீ. 10 செ.மீ.க்கு 18 கண்ணி வர வேண்டிய இடத்தில் அவருக்கு 20 வந்திருந்தது. இரண்டு கண்ணிதானே என்று தோன்றும். ஆனால் 90 கண்ணி ஏற்றிய முன்பக்கத்தில் அது 5 செ.மீ., பின்பக்கத்தையும் சேர்த்தால் மார்புச் சுற்றளவில் 10 செ.மீ. குறைவு.

பிரிட்டிஷ் கணக்கில் எண் ஏற ஏற ஊசி மெலியும். அமெரிக்கக் கணக்கில் எண் ஏற ஏற ஊசி தடிக்கும். பிரிட்டிஷ் 10 என்றால் 3.25 மி.மீ., அமெரிக்க 10 என்றால் 6 மி.மீ. இரண்டு கணக்கும் ஒத்துப்போவது 7 என்ற எண்ணில் மட்டுமே. இரண்டிலும் அது 4.5 மி.மீ. ஆகவே எண்ணை நம்பாமல், ஊசியின் மேல் அச்சிட்டிருக்கும் மில்லிமீட்டரைப் பாருங்கள்.

கொக்கி ஊசியால் பின்னும் குரோஷாவில் குழப்பம் இன்னும் கூடுதல், ஏனெனில் அங்கே ஒரே பெயர் இரண்டு வேறு தையல்களைக் குறிக்கிறது. அமெரிக்கர் 'சிங்கிள் குரோஷே' என்பதைத்தான் பிரிட்டிஷார் 'டபுள் குரோஷே' என்கிறார்கள். அமெரிக்கரின் 'டபுள்' பிரிட்டிஷாருக்கு 'டிரெபிள்'. பிரிட்டிஷ் வழக்கில் 'சிங்கிள் குரோஷே' என்ற பெயரே இல்லை என்பதால், பேட்டர்னில் அந்தச் சொல் தென்பட்டால் அது அமெரிக்க முறை என்று முடிவு செய்துகொள்ளலாம்.

விளையாட்டாகப் பிறந்த சொற்களும் உண்டு. ஊசியை உருவிவிட்டு நூலை இழுத்து வரிவரியாகப் பிரிப்பதை 'ஃபிராக்', அதாவது தவளை என்பார்கள்; பிரி என்று பொருள்படும் 'ரிப் இட்' என்ற தொடர் ஆங்கிலம் பேசுவோர் காதுக்குத் தவளைச் சத்தம்போலக் கேட்பதே காரணம். ஊசியிலிருந்து எடுக்காமல் ஒவ்வொரு கண்ணியாகப் பின்னோக்கிப் பிரிப்பது 'டிங்க்'. 'நிட்' என்ற சொல்லின் ஆங்கில எழுத்துகளைக் கடைசியிலிருந்து படித்தால் இது வரும். இவற்றின் வேறுபாட்டை, அங்கோரா ஆட்டு மயிரில் செய்யும் மோஹேர் நூல் பிடிக்கிறவர்கள் அவசியம் அறிய வேண்டும். அந்த நூலின் மெல்லிய மயிர்கள் ஒன்றோடொன்று பற்றிக்கொள்வதால், இழுத்துப் பிரித்தால் முடிச்சாகி அறுந்துபோகும். அதைப் பொறுமையாக 'டிங்க்' செய்வதே நல்லது. 'லைஃப்லைன்' என்பதும் இங்கே உதவும்: சில வரிகளுக்கு ஒருமுறை, வேறு நிறத்தில் வழுவழுப்பான நூல் ஒன்றை எல்லாக் கண்ணிகளுக்குள்ளும் கோத்து விட்டால், தவறு நேரும்போது அந்த வரியோடு பிரிப்பு நின்றுவிடும்.

நான் மிகவும் வலியுறுத்திச் சொல்ல விரும்புவது 'கில்' என்ற சொல்லைப் பற்றித்தான். அக்ரிலிக் என்னும் செயற்கை நூலில் பின்னியதன் மேல் சூடான நீராவியைக் காட்டி, அதன் விறைப்பைப் போக்கித் துவள வைப்பதையே 'கொல்வது' என்கிறார்கள். சால்வைக்கு அது அழகு தரும். ஆனால் இழுத்தால் நீண்டு, விட்டால் சுருங்க வேண்டிய ஸ்வெட்டர் கைப்பட்டியிலும் கழுத்துப் பட்டியிலும் அதைச் செய்தால், மீள்தன்மை முழுவதும் போய்விடும். துவைத்தாலும் உலர்த்தினாலும் திரும்பி வராது. கம்பளிக்குச் சொன்ன நீராவிக் குறிப்பை அக்ரிலிக்குக்கும் பொருத்திப் பார்த்து, குழந்தை ஸ்வெட்டரின் பட்டிகளைத் தொளதொளவென்று ஆக்கிக்கொண்டு வந்தவர்கள் என் வகுப்பிலேயே இருக்கிறார்கள். நூல் கம்பளியா அக்ரிலிக்கா என்பதைச் சொல்லும் நூல் உருண்டையின் சீட்டைத் தூக்கிப் போடாதீர்கள். ஸ்வெட்டர் முடியும்வரை அதைப் பேட்டர்னோடு பின் குத்தி வையுங்கள்.